மூன்றாம் பக்கத்தில் மூச்சு விட இடம்

பிப்ரவரி 2

அன்புள்ள தங்கச்சி பாம்புச்செவிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ கேட்டு எழுதி அனுப்பிய இசைக்குறிப்பில் முதல் இரண்டு பக்கமும் மடங்காமல் வந்து சேர்ந்தன. உறையைப் பிரித்ததும் உன் அண்ணி, "உங்க தங்கச்சி நோட்ஸ் அச்சடிச்ச மாதிரி இருக்கு. இனி தப்பா வாசிச்சா பழியைப் போட ஆளில்லை" என்றாள். வீட்டுக்குள்ளேயே எதிரி.

போன கடிதத்தில் பதற்றத்தில் பாதியை முழுங்கிவிட்டேன், அதனால் மறுபடி சொல்கிறேன். ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் வாசித்துவந்தது இந்த மாதத்தோடு சரி. இனி டேப் ஓடுமாம். டேப் டீ கேட்காது, லீவு கேட்காது. நகர இசைக்குழுவில் புல்லாங்குழலுக்கு ஒரே ஓர் இடம் காலி இருக்கிறது. மார்ச் மாதம் தேர்வு. ஏதாவது ஒரு பழைய பதிவில் உள்ள தனி வாசிப்பைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அடுத்த தடவை என்று ஒன்று எனக்குக் கிடையாது, வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

விண்ணப்பத்தில் எந்த சோலோவை எழுதினேன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பக்கத்து வீட்டு ரேடியோவில் நாம் கேட்டது. பின்னணியில் ஒரு கிட்டார்கூட இல்லாமல் குழல் மட்டும் தனியாக நடக்குமே, அதுதான். அந்த இசைத்தட்டு உன் வானொலி நிலையத்து அலமாரியில் இருக்கிறது. வெளியே தரமாட்டார்கள், நகல் எடுக்க விடமாட்டார்கள், என்னை உள்ளேயும் விடமாட்டார்கள். ஆக எனக்குக் காது நீதான்.

அவசரப்பட வேண்டாம். கஷ்டமான இடங்களில் தட்டைப் பாதி வேகத்தில் சுற்றவிட்டுக் கேள். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும், ஆனால் சுரம் ஒன்றும் ஓடிப்போகாது.

கவலையுடன்,
அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள மூச்சு அண்ணாவுக்கு,

மூன்றாம் பக்கம் இத்துடன் இருக்கிறது. இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, தட்டு அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து எழுதியது. டீக்கறை பட்டால் கொன்றுவிடுவேன்.

பாதி வேகத்தில் ஓடவிடு என்று எனக்கே யோசனை சொல்கிறாயா? அதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி கோர்ப்பவர்களுக்கு. மாடியில் பல்லி ஓடினால் கீழே சொல்வேன் என்றுதானே பாம்புச்செவி என்று பேர் வைத்தாய்? பேரைக் காப்பாற்றுகிறேன். ஓடுகிற வேகத்திலேயே பிடித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் மூன்றாம் பக்கம் என்னைப் படுத்திவிட்டது. அந்த மனிதர் ஏணியில் ஏறுவது போலத் தடதடவென்று மேலே போகிறார், திடீரென்று ஒன்றுமில்லை, அப்புறம் பாதி ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். நான்கு இடத்தில் இப்படி. நான்கிலும் ரெஸ்ட் குறி, அதாவது மௌனக் குறி, போட்டிருக்கிறேன். வினோதமாகத்தான் இருக்கிறது, ஆனால் தட்டில் அப்படித்தான்.

வேறு செய்தி என்று பெரிதாக இல்லை. ஒலிபரப்புக்கு முன்னால் டேப்புகளைக் கேட்டு 'சரி' என்று கையெழுத்துப் போடும் அதே வேலைதான். போன வாரம் நான் சரி என்று விட்ட ஒரு டேப்பில் சீறல் இருந்ததாம். நான் கேட்டேன், இல்லவே இல்லை. கண்ட்ரோல் அறைக்காரர் மென்று முழுங்கி ஏதோ சொன்னார். இப்போதெல்லாம் யாருக்கும் வாயைத் திறந்து பேசவே தெரியவில்லை. நிலையத்து ஹெட்ஃபோனும் பழசாகிவிட்டது, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

புது விசில் கெட்டில் வாங்கினேன். தண்ணீர் வற்றி அடி கருகும் வரை அது ஊதவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், "நல்லாத்தானேம்மா கத்துது" என்று என் முகத்தைப் பார்த்தே சாதிக்கிறான். வியாபாரிகளுக்குக் கூச்சமே போய்விட்டது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். இரண்டாம் பக்கத்தை நீ இன்னும் தப்பாகத்தான் வாசித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கை,
பாம்புச்செவி


பிப்ரவரி 25

அன்புள்ள பாம்புச்செவிக்கு,

இரண்டாம் பக்கம் தப்பில்லாமல் வந்துவிட்டது. சாட்சிக்கு ஆள் இருக்கிறது. அண்ணி வேலை பார்க்கும் சலவைக்கடையின் பின்கட்டில், ஈரப் போர்வைகள் காயும் கொடிகளுக்கு நடுவில் நின்றுதான் பயிற்சி செய்கிறேன். போர்வை சத்தத்தை விழுங்கிவிடுகிறது, அப்படியும் மேல்மாடிப் பல் டாக்டர் இறங்கி வந்தார். "சார், ஒரே வரியை நாப்பது தடவை வாசிக்கிறீங்க. நாற்காலில இருக்கிறவங்க பல்லைவிட அதுக்குத்தான் அதிகம் நடுங்குறாங்க" என்றார். இப்போது அவருக்குப் பல் பிடுங்கும் வேலை இல்லாத நேரத்தில் வாசிக்கிறேன். அதாவது கிட்டத்தட்ட நாள் முழுக்க.

மூன்றாம் பக்கத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. அந்த நான்கு இடமும் எனக்கு நினைவில் இல்லை. சுவர் வழியாகக் கேட்டதுதானே, மறந்திருக்கலாம். ஆனால் பாதி வரியில் மூச்சு முட்டுகிறவன் என்று எனக்கு மூச்சு என்றே பேர் வைத்தவள் நீ. அண்ணன் பாவம், கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று நீயே இடம் வைத்தாயா? அப்படியென்றால் நன்றி, ஆனால் வேண்டாம். நடுவர்களுக்குப் பதிவு தெரிந்திருந்தால் என் கதை கந்தலாகிவிடும்.

கை வியர்க்கிறது. குழல் வழுக்குகிறது. அண்ணி சட்டைக் கஞ்சியைத் தொட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபத்துக்கு அன்புள்ள என்று போட மனம் வரவில்லை.

இருப்பதைத்தான் எழுதுவேன். இல்லாததை எழுத மாட்டேன், இருப்பதை விடவும் மாட்டேன். இத்தனை வருடம் இந்தக் காதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். உனக்காக ஒரு நொடி மௌனம்கூடத் திருடி வைக்கவில்லை. நீ கேட்டதால் நேற்று மறுபடி உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனை இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்கு இடத்திலும் ஒன்றும் இல்லை. தட்டின் தேய்மானச் சத்தம்கூட இல்லாத சுத்தமான மௌனம்.

நான்காம் பக்கம் இத்துடன். இதோடு முடிந்தது.

உனக்கு ஒரு சின்னக் கேள்வி. அங்கே குருவிகள் கத்துகின்றனவா? இங்கே என் சன்னல் மரத்தில் வரிசையாக வந்து உட்காருகின்றன, அலகைத் திறந்து மூடுகின்றன, ஒரு சத்தமும் இல்லை. எதிர்வீட்டு டீச்சரிடம் இது என்ன நோய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தூக்கம் சரியில்லை, அதனால் இருக்கலாம். நீ ஒன்றும் யோசிக்காதே, ஒழுங்காகச் சாப்பிடு, எழுதியிருக்கிறபடியே வாசி. நீ அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் என் காதுக்குத்தான் பெருமை.

தங்கை


மார்ச் 20

அன்புள்ள பாம்புச்செவிக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். குருவிகள் இங்கேயும் கம்மிதான், கவலைப்படாதே.

நான்கு பக்கமும் இப்போது கைக்குள் இருக்கிறது. தாள் வேண்டாம். முதலில் ஆமை வேகத்தில் வாசித்தேன், தாளம் தட்டும் மெட்ரோனோமைத் தினம் ஒரு கோடு ஏற்றினேன், தப்பிய வரியைப் பின்னாலிருந்து முன்னால் கோர்த்தேன். நேற்று பல் டாக்டர் படியில் நின்று என் சோலோவைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார், அதுவும் சரியான சுரத்தில். அவரையே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் பக்கத்து மௌனங்களை வைத்து உன்மேல் சந்தேகப்பட்டேனே, இப்போது அவைதான் எனக்குப் பிடித்த இடம். ஏறி ஏறிப் போய் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது. சுரத்தைவிட அதைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. உதட்டை எடுக்காமல், மூச்சை விடாமல், உள்ளே எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் அதற்கே போனது.

நாளை மறுநாள் தேர்வு. பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

இடம் கிடைக்கவில்லை. வேறொருவருக்குப் போய்விட்டது, நல்ல வாசிப்பு, சின்ன வயது. என் தப்புதான். மூன்றாம் பக்கத்தில் உச்சி சுரங்கள் எனக்கு எட்டவில்லை, பயத்தில் மூச்சு போய்விட்டது. நீ வைத்த பேர் பலித்துவிட்டது, அவ்வளவுதான். நீ எழுதியதில் ஒரு குறையும் இல்லை.

அண்ணி இன்று எதுவும் கேட்காமல் காபி கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து அழுதேன். அப்புறம் மறுபடி படித்தேன். அப்புறம் அழுகை நின்றுவிட்டது.

மூன்றாம் பக்கத்தில் உச்சி சுரம் ஏது? என் கையால் எழுதிய பக்கம், எனக்குத் தெரியாதா? அதில் ஏணி இருக்கிறது, உச்சி இல்லை. உச்சி வர வேண்டிய நான்கு இடத்திலும் ரெஸ்ட் குறிதான் இருக்கிறது. இல்லாத சுரம் உனக்கு எப்படி எட்டாமல் போகும்?

பொய் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும், உனக்கு அது சின்ன வயதிலிருந்தே கிடையாது. அங்கே என்ன நடந்தது? உடனே எழுது.

தங்கை


ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

பதில் வரவில்லை. பொய் சொல்ல வராதவன் வாயை மூடிக்கொண்டான் என்று புரிந்துகொண்டேன்.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அந்தத் தட்டைக் கண்ட்ரோல் அறைக்கு எடுத்துப் போனேன். அங்கே மேசையில் ஒலியளவு காட்டும் முள் இருக்கிறது. ஒலி வந்தால் முள் எழும்பும், மௌனமென்றால் படுத்துவிடும். தட்டு அறையில் அது கிடையாது. இருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன், காது இருக்கிறவளுக்கு முள் எதற்கு?

தட்டைப் போட்டேன். குழல் ஏறியது, முள்ளும் கூடவே ஏறியது. முதல் ரெஸ்ட் வந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முள் படுக்கவில்லை, அண்ணா. ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாவதிலும் ஆடியது. மூன்றாவதற்கு எழுந்து நின்றுகொண்டேன். நான்காவதில் ஸ்பீக்கர்மேல் கையை வைத்தேன், என்னவோ விரலில் கூசியது.

எத்தனை தடவை போட்டேன் என்று தெரியவில்லை. கண்ட்ரோல் அறைக்காரர் திரும்பி வந்துவிட்டார். "சார், இந்த இடத்துல உங்களுக்கு என்ன கேக்குது?" என்றேன். அவர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே, "நல்ல மேல்ஸ்தாயிம்மா, சன்னமா, அழகா இருக்கு. ஏன், டேப்புல ஏத்தணுமா?" என்றார்.

கெட்டில் கடைக்காரன்மேல் பழி போட்டேன். குருவிக்கு நோய் என்றேன். இப்போது நீ எனக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் என்ன நடந்தது?

தங்கை


ஏப்ரல் 18

என் அன்புத் தங்கச்சிக்கு,

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. மூன்று உறை கிழித்துப் போட்டேன்.

நடுவர்கள் மூன்று பேர். முதலில் கீழிருந்து உச்சி வரை ஸ்கேல் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். அப்புறம் சோலோ. நான் நன்றாக வாசித்தேன், பாம்புச்செவி. தற்பெருமை இல்லை, என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. நான்கு மௌனத்திலும் கல் மாதிரி நின்றேன். முடித்ததும் நடுவில் இருந்த, ஓபோ என்ற குழல் வாசிக்கும் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணாவது பகுதில உச்சி சுரமெல்லாம் எங்க போச்சு?" என்றார். பிறகு மெதுவாக முணுமுணுத்துக் காட்டினார். கேட்டதும் எனக்குச் சுவர் வழியாக எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அந்த சுரங்கள் அங்கேதான் இருந்தன, எப்போதும்.

அந்த ஒரு நொடியில் உன் கெட்டில், குருவி, சீறல், மென்று முழுங்கிப் பேசும் ஆட்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உன் கடிதங்களைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். என் நோட்ஸ் எழுதியவர் விட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் உங்கள் நிலையத்து இசைப் பிரிவுக்கு மாதாமாதம் வந்துபோகிறவர். எழுதியவர் யார் என்று அடுத்த கேள்வி கேட்பார். காதை வைத்துச் சோறு தின்கிறவள் நீ.

"எனக்கு எட்டாது மேடம், அதனால விட்டுட்டேன்" என்றேன்.

"இப்பதானே ஸ்கேல்ல உச்சி வரைக்கும் போனீங்க?" என்றார்.

"பயம்" என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது கதவருகில் வந்து, "பயம் போனா வாங்க. யாராவது வரலேன்னா வாசிக்க மாத்து ஆள் பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுக்கு வயசு கிடையாது" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைச் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டேன். டாக்டரிடம் போ. செலவுக்கு அண்ணன் இருக்கிறேன். வேலை இல்லாத அண்ணன்தான், ஆனாலும் இருக்கிறேன்.

மூச்சு


ஏப்ரல் 30

அன்புள்ள மூச்சு அண்ணாவுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவன் கரையில் இருக்கிறவளுக்குக் குடை பிடித்தானாம். அந்த இடம் உன் கடைசி வண்டி. அதை எனக்காக விட்டுவிட்டு வந்து, காபி குடித்தேன் என்று எழுதுகிறாய். இன்னொரு தடவை எனக்காக இப்படி ஒரு நல்ல காரியம் செய்தால் உன்னோடு பேச மாட்டேன்.

டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தாழ்ந்த சத்தத்தில் ஆரம்பித்தது, அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தப் பெண் மும்முரமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். அங்கேயே புரிந்துவிட்டது. உயரமான ஒலிகள் போய்விட்டன, திரும்பி வராதாம். மிச்சமும் மெல்ல இறங்கலாமாம், எவ்வளவு வேகம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, தண்ணீர் சத்தம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

நிலையத்தில் நானே சொல்லிவிட்டேன். இனிமேல் எந்த டேப்பிலும் 'சரி' என்று போட எனக்குக் கை வராது. எங்கள் மேலதிகாரி, தட்டு அறையில் அட்டவணை வேலை இருக்கிறது, பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றால் என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் நீயும் எதையும் ஒளிக்க வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது மூன்றாம் பக்கம் இத்துடன் இருக்கிறது. கண்ணாடி போட்டு ஊசி கோர்த்துவிட்டேன். தட்டைப் பாதி வேகத்தில் சுற்றவிட்டேன், அந்த சுரங்கள் ஒரு ஸ்தாயி இறங்கி என் பக்கம் வந்தன. கேட்டேன் அண்ணா. குழல் மாதிரி இல்லை, யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது, ஆனாலும் ஒவ்வொன்றும் கேட்டது. எழுதிவிட்டுக் கண்ட்ரோல் அறைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓடுகிற வேகத்தில் ஒருமுறை சரிபார்த்தேன். முள்ளையும் பார்த்துக்கொண்டேன். பாம்புக்குக் கண்தான் காது, அதனால்தான் கட்செவி என்று பேர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆக நீ வைத்த பேரை மாற்ற வேண்டியதில்லை.

இதைக் கற்றுக்கொள். பிறகு அந்த ஓபோ அம்மாவிடம் போய், பயம் இல்லை, நோட்ஸ் எழுதிய என் தங்கைக்குக் காது கேட்கவில்லை என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்றும் சொல்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு வருகிறேன். அண்ணியிடம் போர்வைகளை எடுத்துவிடச் சொல், நீ எனக்கு எதிரே நின்று வாசிக்க வேண்டும். மேலே போகும்போது எனக்கு ஒன்றும் கேட்காது. அங்கே தப்பு செய்தால் தெரியாது என்று மட்டும் நினைக்காதே, உன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரயிலடியில் தூரத்திலிருந்து கூப்பிடாதே. பக்கத்தில் வந்து தோளைத் தொடு.

உன் தங்கை,
பாம்புச்செவி